அஸ்பியா பெயரில் ஓடும் கேபிள்

கீழக்கரை,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மகன் உசாமாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகளும் பேத்தி மர்வாவும் ஷார்ஜாவில் நல்லபடியாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறையில்லை, வீட்டுக்குத்தான் சுகமில்லை, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே சரி உம்மா, சரி உம்மா என்று முடித்துவிடுவாய். இதை அப்படி முடிக்க முடியாது, உட்கார்ந்து கடைசி வரி வரை படி.

லீவில் ஊருக்கு வந்த ஹாஜா முகைதீன் கையில் நீ கொடுத்தனுப்பிய பார்சல் வந்தது. மாப்பிள்ளை ஜாபர் சாதிக் ராமநாதபுரம் போயிருந்ததால் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பால்பவுடரும் பேரீச்சம்பழமும் எடுத்து வைத்தபின் அடியில் குளியல் துண்டில் சுற்றிய ஒரு செட்டாப் பாக்ஸ் இருந்தது. அதோடு ஆங்கிலத்தில் ஒரு துண்டுத்தாளும் இருந்தது. பொடி எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று கான்வென்ட் சிஸ்டர்கள் எங்களை வளர்த்தார்கள். இந்தப் பெட்டி ஒரு வீட்டுக்குள் பார்ப்பதற்கு மட்டும், வேறு யாருக்கும் ஒளிபரப்பினால் குற்றம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. நீ அதைப் படித்தாயா, படித்தும் துண்டில் சுற்றினாயா என்று எனக்குத் தெரியவில்லை. படித்ததால்தான் சுற்றினாய் என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளையின் நெருக்கடி எனக்கும் தெரியாமல் இல்லை. நம் மாடியில் கேபிள் நடத்தும் அவர் எந்தக் கம்பெனியிடம் சிக்னல் வாங்கி ஊருக்குக் கொடுக்கிறாரோ, அந்தக் கம்பெனிக்கும் விளையாட்டுச் சேனல்காரர்களுக்கும் விலை ஒத்துவரவில்லை. எங்கோ குளிர்ந்த அறையில் யாரோ யாரையோ முறைத்துக்கொண்டார்கள், இங்கே கிரிக்கெட் உலகக் கோப்பை தொடங்கும் நேரம் பார்த்து நம் தெருவில் திரை கறுத்துவிட்டது. மாப்பிள்ளையிடமே ஏணி பிடித்து வேலை பழகிய வசீம் இப்போது போட்டிக் கம்பெனியின் ஏஜெண்ட். அவர்களுக்கு எல்லா ஆட்டமும் வருகிறது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவுகிறான். இந்த ஊரில் அது சின்ன விஷயமா? நீங்கள் அங்கே அறையில் பார்க்கிற பந்தை இங்கே பிள்ளைகள் அதே நேரத்தில் பார்த்து, போனில் வாப்பாவும் மகனும் சேர்ந்து கத்துவதுதான் நமக்கெல்லாம் குடும்பமாக உட்காருவது. அது இல்லாத கேபிளை யார் வைத்துக்கொள்வார்கள்? வீடு வீடாக நம் வயரை அறுத்து அவன் வயரைக் கட்டினார்கள். எதிர்வீட்டுச் சுவரில் ஏறி நின்றுகொண்டு வசீம், மச்சான், நீங்க மாமியா வீட்டு மாடியில சீரியல் ஓட்டுங்க, பந்தை நாங்க போட்டுக்கிறோம் என்று எல்லோரும் கேட்கச் சொன்னான். அவன் மட்டும் என்ன, வாப்பா வீட்டிலா இருக்கிறான், அவனும் பெண்டாட்டி வீட்டில்தானே சாப்பிடுகிறான். ஆனாலும் மாப்பிள்ளை முகம் செத்துப்போனது.

இந்த நேரத்தில்தான் நீயும் அவரும் போனில் பேசி இந்த யோசனையைச் செய்திருக்கிறீர்கள். நீ அங்கே சந்தா கட்டிய பெட்டியை மாடியில் வைத்து, பெரிய டிஷ்ஷைத் திருப்பி, ஊருக்கே ஆட்டத்தைக் காட்டிவிடுவது என்று. நான் பெட்டியை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மாப்பிள்ளை திரும்பி வந்து கேட்டார். என்னிடம் நேராகக் கேட்கவில்லை. அவர் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் என் மகள், உன் லாத்தா அஸ்பியா, அதுதான் நம் வழக்கம். அவள் வந்து, உம்மா, அவுக பெட்டியைக் கேக்குறாக என்றாள். அது இங்கே தங்காது, ஹாஜா முகைதீன் கையிலேயே திரும்பிப் போகும் என்று சொல் என்றேன். போனாள், வந்தாள். அவுக சோறு வேணாங்கிறாக உம்மா என்று நின்றாள். வீட்டு மாப்பிள்ளை தட்டை ஒதுக்கினால் எனக்கு எப்படி இருக்கும்? இருந்தும் சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள்தான் இந்தியா ஆடுகிற ஆட்டம். எப்படியும் பெட்டி கைக்கு வந்துவிடும் என்று நம்பி மாப்பிள்ளை என்னைக் கேட்காமல், இன்று மாலை ஆட்டம் நம்ம கேபிளில் என்று தம் சேனலில் கீழே எழுத்து ஓடவிட்டார். ஓடிய கொஞ்ச நேரத்தில் வசீம் வாசலுக்கு வந்துவிட்டான். உள்ளே வரவில்லை, நடையில் நின்றே சத்தம் போட்டான். லாத்தா, மச்சான்கிட்ட சொல்லிருங்க, மதுரையிலயிருந்து எங்க கம்பெனி ஆளுக வந்திருக்காக, டீக்கடை டீக்கடையா டிவியைப் படம் பிடிக்கிறாக, இன்னைக்கு உங்க லைன்ல பந்து தெரிஞ்சா நாளைக்கு இங்கன போலீஸ் தெரியும் என்றான். மாப்பிள்ளை மாடியிலிருந்து, போடா, ஏணிப் பயலே, ஒனக்குப் பயந்தா நான் தொழில் பண்றேன், என்று கத்தினார். தெருவே கதவுகளுக்குப் பின்னால் நின்று கேட்டது.

உசாமா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாடி யாருடையது? கல்யாணத்தன்று அஸ்பியா பெயருக்கு எழுதியது. மாடியில் இருக்கிற மிஷின்கள்? அவள் பெயரில். கேபிள் பதிவு? தொடங்கியபோது மாப்பிள்ளை சவூதியில் தம்மாமில் இருந்தார், வீடுதான் அவள் பெயரில் இருக்கிறதே என்று அதையும் அவள் பெயரிலேயே போட்டார்கள். நம் ஊரில் எல்லாவற்றையும் பெண் பிள்ளைக்கு எழுதி வைக்கிறோம், பிறகு அவள் பெயர் அதில் இருப்பதையே மறந்துபோகிறோம். போலீஸ் வந்தால் வாசலில் நின்று அஸ்பியா யார் என்றுதான் கேட்பான். உனக்கும் தோன்றவில்லை, உன் மச்சானுக்கும் தோன்றவில்லை.

நான் திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மாப்பிள்ளை, கேபிள் பதிவு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். அஸ்பியா பேர்ல மாமி என்றார். அப்படியானால் பெட்டியை அவளிடம் கேளுங்கள், என்னிடம் கேட்க வேண்டாம் என்று அலமாரிச் சாவியை அவள் கையில் வைத்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மொதல்ல பதிவை உங்க பேருக்கு மாத்திட்டு வாங்க, அப்புறம் இந்தப் பெட்டியை நானே மாடிக்குத் தூக்கிட்டு வாரேன், என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவர் மேலே போனார். எழுத்து ஓடுவது நின்றது. மாலையில் எதிர்வீட்டு டிவியில் சிக்ஸர் விழுந்தபோதெல்லாம் தெரு அதிர்ந்தது, நம் கூடத்தில் யாரும் டிவியைப் போடவில்லை.

இது நடந்து சில நாட்கள் ஆகின்றன. மாப்பிள்ளை காலையில் மாடிக்கு வந்து மிஷின்களைப் பார்க்கிறார், சாப்பாட்டுக்கும் தூங்கவும் அவர் உம்மா வீட்டுக்குப் போய்விடுகிறார். பெண்டாட்டி வீட்டில் வாழும் மாப்பிள்ளை அப்படிப் போனால் உறவு அறுகிறது என்றுதான் இந்த ஊரில் அர்த்தம், அதை உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. அஸ்பியா தினமும் அவருக்கும் சேர்த்து அரிசி போடுகிறாள், மிஞ்சியதை யாரிடமும் சொல்லாமல் மூடி வைக்கிறாள். நான் அங்கே போய் அழைக்க மாட்டேன். தவறு செய்யாத இடத்தில் குனிய எனக்குத் தெரியாது. பெட்டியை அனுப்பியவன் நீ, ஆகவே நீதான் பேச வேண்டும். பெட்டியை அனுப்பியது என் புத்திகெட்ட வேலை மச்சான், லாத்தா பேரை நான் யோசிக்கலை என்று இதே வார்த்தையில் அவரிடம் சொல். மாமி கோபக்காரி என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தாலும் பரவாயில்லை. பொய் மட்டும் சொல்லாதே. அவர் கெட்டவரில்லை, கண்ணெதிரே வயரை அறுத்தால் யாருக்கும் புத்தி தடுமாறும். தொழிலை எப்படி நிமிர்த்துவது என்று இருவரும் யோசியுங்கள், ஆனால் அந்தப் பேச்சில் அஸ்பியாவும் உட்கார வேண்டும்.

மர்வா தமிழ் எழுதப் பழகுகிறாளா? போன தடவை அனுப்பியதில் ளகரம் எல்லாம் படுத்துக் கிடந்தது, நிமிர்ந்து எழுதச் சொல். நீ ஏசிக்கு நேரே படுக்காதே. அல்லாஹ் உன் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் புத்தியில் தெளிவையும் தரட்டும், உன் பிள்ளையைக் கண் குளிர வளர்க்கட்டும்.

ஒன்று மறவாதே. இதைப் படித்ததும் முதலில் எனக்குப் போன் செய்யாதே, மச்சானுக்கும் செய்யாதே. லாத்தாவுக்குச் செய். பெட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, சாவி அவளிடம். ஹாஜா முகைதீன் அடுத்த வாரம் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்பலாமா என்று அவளிடம் அனுமதி கேள். அவள் என்ன சொல்கிறாளோ அதன்படி நடக்கட்டும்.

துஆவுடன்,
உன் உம்மா
மெஹருன்னிசா