கௌசிக்குக் கொண்டுபோன கட்டுச்சோறு

அன்பிலும் குறைவில்லாத, வாயிலும் குறைவில்லாத என் அழகுக்கு,

நேற்று மதியமும் நீ வந்தாய். தூக்கத்தில் கண்டேன் என்று நினைக்காதே, விழித்துத்தான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிகிற நேரம். துணை சுகாதார நிலையத்துப் பின்னறையில் பாய் விரித்து, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். மின்விசிறியும் பாதித் தூக்கத்தில் சுற்றியது. வெளியே யாரோ பலாப்பழம் அறுத்திருக்க வேண்டும், சன்னல் வழியாக வாசம் வந்துகொண்டே இருந்தது. நீ வாசலில் நின்று, அங்கன்வாடிக்கு நேரமாகிவிட்டது என்கிற முகத்தோடு, சட்டியிலிருந்து ஒரு கை சுண்டலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய்.

"உப்பு பத்தலடி" என்றாய். நானும் எழுந்து போய் உப்புப் போட்டேன். நிஜமாகவே பத்தவில்லை.

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது அழகு. நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த வகுப்பை நான் விட்டுவிடவில்லை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும், சோற்றையே விடச் சொல்லிவிட்டதாக நினைத்து அழுதுகொண்டே வருகிற பெண்களுக்கு இன்னும் உன் பஸ் கதையைத்தான் சொல்கிறேன். குழைய வடித்த சோறும் கஞ்சியும் பைபாஸ் ரைடர், எங்கேயும் நிற்காமல் ரத்தத்தில் போய் இறங்கிவிடும். பயறும் கீரையும் டவுன் பஸ், நின்று நின்று போகும். "ரெண்டும் புதுக்கோட்டைக்குத்தான் போகுது. ஒனக்கு என்னடி அவசரம், மெதுவா போ" என்பாயே, அதே குரலில் சொல்லிப் பார்க்கிறேன். உனக்குச் சிரித்த அளவுக்கு எனக்குச் சிரிக்க மாட்டேன் என்கிறார்கள்.

போன மாதம் ஒருத்தி சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு, வேளைக்கு ஒரு சொம்பு கேப்பைக் கூழ் குடித்துவிட்டு வந்து நின்றாள். சர்க்கரை எகிறிவிட்டது. "கேப்பை சுகருக்கு நல்லதுன்னு ஊரே சொல்லுதேக்கா?" என்று என்னிடமே சண்டை. மாவாக அரைத்துக் கரைத்துக் குடித்தால் கேப்பையும் பைபாஸ் ரைடர்தான், அடையாகத் தட்டி முருங்கைக்கீரை போட்டு மென்று சாப்பிடு என்று சொல்லி அனுப்பினேன். நீ இருந்திருந்தால் அந்தச் சொம்பையே பிடுங்கி வைத்திருப்பாய்.

இனிமேல்தான் முக்கியமான சேதி. உட்கார்ந்து கேள். உன் மகள் கௌசி உண்டாகியிருக்கிறாள். மாப்பிள்ளை சவுதியில் இருக்கிறார், அவள் திருவரங்குளத்தில் மாமியாரோடு இருக்கிறாள். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்துப் பார்த்ததில் அவளுக்கும் சர்க்கரை. அவளை வயிற்றில் வைத்திருந்தபோது உனக்கு வந்த அதே கதை.

வகுப்புக்கு வந்தாள். ஓரத்துப் பாயில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாராவாரம் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அவ்வளவு அழகாக இருந்தது. மற்ற பெண்களிடம் "இந்தா பாருங்க, என் மகளைப் பாருங்க" என்று நான் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அவர்களும் கை தட்டினார்கள். கௌசி சிரிக்கவில்லை. அந்த முகத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டாமா?

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை எடை குறைந்திருந்தது. சிறுநீரில் கீட்டோன் இருந்தது. சாப்பாடு போதாமல், உடம்பு தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். மாமியார் நல்ல மனுஷி. வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தட்டுல வச்சது அப்புடியே இருக்குங்க. மாட்டுக்குத்தான் போகுது. நான் என்ன கொறை வச்சேன்னு தெரியல" என்று கண் கலங்கினார்.

எல்லோரும் போன பிறகு அவளை உட்கார வைத்தேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன், என் குணம் உனக்குத் தெரியும்.

"என்னடி சாப்புடுற?"

"மோரும் வெள்ளரிக்காயும்தான் சித்தி."

"பசிக்கலையா?"

"பசிக்கும். கொஞ்ச நேரத்துல அதுவா போயிரும்."

அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். அந்த அறையில் அப்போது ஒரு மயக்கமான வெயில் இருந்தது. அவள் குரல் குளத்துக்கு அக்கரையிலிருந்து வருவது போல இருந்தது. ஏன் என்று கேட்டேன். பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா செத்த அன்னைக்கு ஒரு அத்தை சொன்னாங்க சித்தி. 'இவ வயித்துல இருந்தப்ப வந்த சுகருதான், அதுதான் இன்னைக்கு நெஞ்சை அடைச்சுக் கொண்டுபோயிருச்சு'ன்னு. என்னாலதானே வந்துச்சு? எனக்கு சுகர் ஏறாம இருந்துட்டா, எம்புள்ளைய யாரும் அப்புடிச் சொல்ல மாட்டாங்கல்ல?"

அழகு, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உன்னைப் பாடையில் வைத்திருக்கும்போது உன் மகளின் காதில் இதைப் போட ஒருத்திக்கு எப்படி மனசு வந்தது? உனக்குத் தெரியுமா, அன்றைக்கே தெரியுமா? தெரிந்திருந்தால் நீ எழுந்து உட்கார்ந்திருப்பாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "இங்க பாரு. ஒன்னால வந்தது இல்ல. அது அவ ஒடம்புலயே பதுங்கிக் கெடந்தது. நீ வயித்துல இருந்ததால டெஸ்ட் எடுத்தாங்க, வெளிய தெரிஞ்சுச்சு. தெரிஞ்சதாலதான் ஒங்கம்மா வாயைக் கட்டி, நடையா நடந்து, ஒன்னைப் படிக்க வச்சு, கட்டிக் குடுத்து, கண்ணால பாத்துட்டுப் போனா. நீ அவளுக்கு எடுத்துச் சொன்னவடி. இப்ப ஒம்புள்ளை ஒனக்குச் சொல்லியிருக்கு. சொன்ன புள்ளையப் பட்டினி போடலாமா?"

அவள் அழவில்லை. என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். என் முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்ல மூச்சு விடுவது போல இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் போய்விடுவாயே.

ஆனாலும் வீட்டுக்குப் போய் அவள் அரை வயிறுதான் சாப்பிட்டாள். மனசு நம்பினாலும் தொண்டை நம்ப வேண்டாமா?

அதற்குள் வளைகாப்பு வந்தது. ஆத்தா வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும், உன் வீட்டில் அதைக் கட்டுகிறதுக்கு நீ இல்லை. உன் வீட்டுக்காரர் வந்து என் வாசலில் நின்றார். "நீதாம்மா செய்யணும்" என்றார்.

விடியக் கருக்கலில் எழுந்து சமைத்தேன். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, மூன்றிலும் பருக்கை குழையாமல் உதிர் உதிராக எடுத்தேன். முறைக்காகக் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கலும் செய்தேன். ஆனால் பெரிய தூக்குகளில் மொச்சைச் சுண்டலும் தட்டைப்பயறும் அவரைக்காய்ப் பொரியலும்தான் நிறைந்திருந்தன. நீ பக்கத்தில் நின்று தேங்காய் துருவுவது போலவே இருந்தது. ஒன்றிரண்டு தடவை "தள்ளுடி" என்று சொல்லியும் விட்டேன்.

மணையில் கௌசி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் வளையல். உன் சாயல் அப்படியே இருந்தது. நான் மொச்சையை எடுத்து முதல் வாய் ஊட்டப் போனேன். கூட்டத்தில் ஒரு பெண், "மொதல்ல இனிப்புல்ல வைக்கணும்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "இனிப்பு எங்கிட்டும் ஓடிறாது. அவங்க ஊட்டுறபடி ஊட்டட்டும்."

மொச்சையை மென்றாள். பொரியலை வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரு சின்னக் கவளம் புளிச்சோறு வைத்தேன். அது இறங்குமா இறங்காதா என்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சந்தனத்தைக் கரைத்தது. நான் கையைத் துடைக்கப் போனபோது, "இன்னொரு வாய் வையிங்க சித்தி, பசிக்குது" என்றாள்.

பசிக்குது என்றாள் அழகு. அந்த ஒரு வார்த்தையில் நான் உடைந்துபோனேன். சபையில் எல்லோரும் பார்க்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஊட்டினேன்.

இப்போது எடை ஏறுகிறது, கீட்டோன் இல்லை. சாப்பிடுவதால் சில நாள் சர்க்கரை கொஞ்சம் கூடுகிறது. இன்சுலின் போட வேண்டி வந்தாலும் வரலாம் என்கிறார் டாக்டர். வரட்டும், ஊசிக்குப் பயந்து அவள் பட்டினி கிடக்க மாட்டாள். பிள்ளை பிறந்த பிறகு மறக்காமல் சர்க்கரை பார்க்கவும், வருஷா வருஷம் பார்க்கவும் நானே அவளைக் கூட்டிப் போவேன்.

இன்னொன்றும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். அந்தப் பிள்ளை வளர்ந்து ஓடியாடும்போது, எந்த விசேஷ வீட்டிலும் எந்த எழவு வீட்டிலும் எவளாவது 'ஒன்னாலதான் ஒங்காத்தாளுக்கு வந்துச்சு' என்று வாயைத் திறந்தால், அந்த வாய் மூடுகிற வரைக்கும் நான் பேசுவேன். அதன் காதில் அந்தச் சொல் விழவே விழாது.

உன் மகளுக்குச் சித்தியாகவும், உன் பேரப்பிள்ளைக்கு உன் இடத்து ஆளாகவும் நிற்கிற,
உன் கூடப் பிறக்காத தங்கை
தமிழரசி