கல்வீட்டுக்குப் பின்னால் ஓர் அடுக்களை

அத்தான்,

பழைய சுவரைப் பூச முற்றத்தில் சுண்ணாம்பு அரைக்கிறார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரின் புளித்த வாசனை காலையிலிருந்து வீடெங்கும் நிற்கிறது. நீங்கள் இருந்திருந்தால் வேலையாட்களுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவர்கள் கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நம் கல்வீட்டை மரபுச் சின்னமாக்கப் போகிறார்கள். அதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்று ஆற்றாமையாக இருக்கிறது.

மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த உங்களுக்கு இந்த வீட்டைக் குடியிருக்கக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி வந்த முதல் நாளே இதன் கதையை ஆரம்பித்துவிட்டீர்கள். இங்கிலாந்தில் கார்ன்வால் என்ற பகுதியிலிருந்து மிஷன் வேலைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட கல்தச்சர்கள் கட்டியதாம். “அவனுக்க ஊரும் நாட்டுக்க முனையில, நமக்க ஊரும் முனையில. அங்கயும் கல்லும் காத்தும்தான். அதான் இங்க ஒட்டிக்கிட்டான்” என்றீர்கள். புதுப்பெண்ணிடம் பேச இவருக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று நினைத்தேன். சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட நீங்கள் விட்டதில்லை. நம் வீட்டுக் காலண்டர் என்றைக்கும் ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது.

பழைய அடுக்களை வீட்டை விட்டுத் தள்ளி, தோட்டத்துக்குள் இருந்தது. வெள்ளைக்காரர்களுக்குச் சமைக்க ஆள் இருந்தது. எனக்கு யார் இருந்தார்கள்? ஆரல்வாய்மொழியின் ஆடிக்காற்றில் பானையோடு முற்றத்தைக் கடந்தால் சோற்றில் பாதி மண்ணாக இருக்கும். இளையவனை வயிற்றில் சுமந்தபோது ஒருநாள் காற்று தள்ளி, கொதிக்கிற கஞ்சியோடு விழுந்தேன். கையெல்லாம் கொப்புளம். கொஞ்ச நாளில் செங்கல் வந்து இறங்கியது. பின்வாசலை ஒட்டி ஓர் அடுக்களை எழும்பியது. “ஏட்டி, இனி நீ காத்துல போண்டாம்” என்றீர்கள். ஓர் ஆணிக்குச் சம்மதிக்காதவர் எனக்காகக் கல்வீட்டோடு செங்கல் சுவரையே சேர்த்துவிட்டாரே என்று, எத்தனையோ வருடம் அந்தப் பெருமையிலேயே சமைத்தேன்.

வீட்டுக்குச் சொந்தக்காரர்களான சபைக் கமிட்டி இதை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப் பார்த்தபோது நீங்கள் ஒற்றை ஆளாக எதிர்த்து நின்றீர்கள். பழகியவர்கள் முகம் திருப்பினார்கள். கிறிஸ்துமஸுக்குக்கூட நம் வீட்டுப் பலகாரம் அப்படியே கிடந்தது. “பொறவு ஒட்டவச்சதையெல்லாம் எடுத்துட்டா வீடு பழையபடி எந்திச்சு நிக்கும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னீர்கள். அதில் என் அடுக்களையும் சேர்த்தியா என்று கேட்க நினைப்பேன், கேட்டதில்லை.

போன மாதம் மரபுச் சின்ன வேலைக்காக ஜெனிபா என்ற இன்ஜினியர் பெண் வந்து அதையே சொன்னாள். “ஆன்ட்டி, வீடு மொதல்ல இருந்த மாதிரி இருக்கணும். பின்னால உள்ள அடுக்களைய எடுத்தே ஆகணும்.”

“வெள்ளைக்காரன் கெட்டுனது மட்டும்தான் சரித்திரமா மக்கா? நாங்க பொழச்சது ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் வாடிவிட்டது. “எனக்கும் மனசில்ல ஆன்ட்டி. ஆனா அது நின்னா அனுமதி கிடைக்காது. திரும்பவும் யாராவது மண்டபம்னு வருவாங்க.”

உங்கள் ஆசையா, நீங்கள் எனக்குத் தந்ததா? சில நாள் அடுக்களைக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் சரி என்றேன். இந்த வீட்டுக்காக நீங்கள் பட்ட பாடு என்னால் வீணாகக் கூடாது.

நேற்று இடித்தார்கள். கூரைத் தகட்டைக் கழற்றிவிட்டு, கல்சுவரும் சேர்ந்து பெயர்ந்துவிடுமோ என்று கொத்தனார் பயந்து பயந்துதான் உளியை வைத்தார். ஒரு கல்லும் அசையவில்லை. குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “அம்மா, இது கல்லத் தொடவே இல்ல. நடுவுல இடைவெளி விட்டிருக்கு. பொறவு பிரிச்சு எடுக்கதுக்குன்னே கெட்டிருக்காவ.”

எனக்குக் கோபம் வந்தது, அத்தான். சரியான கள்ளன்தான் நீங்கள்! கட்டும்போதே இடிக்கவும் வழி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் எனக்காக விட்டுக்கொடுத்தீர்கள் என்று இத்தனை காலம் நம்பிய நான் ஏமாளியா?

இனி நான் இருக்கப்போகிற, நாகர்கோவிலில் உள்ள இளையவன் வீட்டுக்குக் கொண்டுபோகப் பாத்திரங்களைக் கட்டும்போதுதான் நினைவு வந்தது. மழைக்காலம்தோறும் அடுக்களைக் கூரை கல்சுவரைச் சந்திக்கிற இடத்தில் ஒழுகும். நீங்கள் தாரும் சாக்குமாக ஏணியில் ஏறி அடைப்பீர்கள். “ஒரேயடியா சிமெண்டு பூசினா என்ன?” என்று நான் ஒவ்வொரு வருடமும் கேட்பேன். “அது சரிப்படாதுட்டி. நீ ஏணியப் பிடி” என்பீர்கள்.

சிமெண்டு பூசியிருந்தால் கல்லோடு ஒட்டியிருக்கும். சும்மா விட்டிருந்தால் என் அடுப்பு நனைந்திருக்கும். கல்லையும் விடாமல், என்னையும் விடாமல், முட்டு வலித்த கடைசி வருடம் வரைக்கும் ஏறினீர்கள். இனி இந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த இடத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் அப்போதெல்லாம் ஏணியின் அடிப்பகுதியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நான் கீழே நிற்பேன். நீங்கள் ஒவ்வொரு படியாக ஏற ஏற, உங்கள் பாரம் ஏணி வழியே என் கைக்கு இறங்கும். அந்தப் பாரம் இன்னும் என் கையில் இருக்கிறது, அத்தான்.