கோயில் பங்கு

வெள்ளி, இரவு

இவ்வளவு நாள் பேசாமல் இருந்தது போதும். என் மாமா மகள் செல்வி வெண்கல மீன் எட்டு மட்டுமே என்று சொல்லி, எண் பொறித்து விற்றாள். ஒன்பதாவது ஒன்றை எங்கள் ஊர் உடப்புக் கோயிலில் கண்ட கொழும்புச் சேகரிப்பாளர் ஒருவர், அவளை ஏமாற்றுக்காரி என்று எல்லோருக்கும் எழுதுகிறார். அவளுடைய அடுத்த கண்காட்சியும் நின்றுபோனது.

பின்னேரம் பட்டறைக்குப் போனேன்.

"வாங்க அத்தான், குறை சொல்லத்தானே?"

"ஓம். மீனுக்கு வால் பெரிசு. அது கோயில் பங்கெண்டு அந்தாளுக்குச் சொல்லன்."

"அம்மாளுக்குக் குடுத்ததச் சொல்லிக்காட்டவா? ஏலாது."

ஒரு கண்காட்சிக்கும் என்னைக் கூப்பிடாதவள்; அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதற்காக அவளைக் கள்ளி என்று சொல்ல எவரையும் விடமாட்டேன்.

எங்கள் கரைவலையில் விழும் மீனில் முதல் பங்கு அம்மனுக்கு. அவளும் முதல் வார்ப்பை, எண் பொறிக்காமல், கோயில் சுவரில் சீமெந்து வைத்துப் பதித்தாள். அதை யாரும் விற்க முடியாது. இதைத்தான் அந்தச் சேகரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். வால் பெரிசு என்பதை எழுதவில்லை.

பெயர் போட்டால் செல்விக்குத் தெரிந்துவிடும். ஏசிக்கொண்டு வருவாள், தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவாள். பிறகு என் கோபத்தை நான் எங்கே வைப்பது? காலையில் பக்கத்து ஊர் முந்தலுக்குப் போய், கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.