உன் அப்பா மைக்கில் வாசித்த சீட்டு

அன்பு மகன் விமலுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட் ரூவியில் நான் நலம், உன் அப்பா நலம், அவருடைய தொப்பியும் பூட்ஸும் அவரைவிட நலம். அங்கே கனடாவில், கால்கரியில் நீயும் ராதிகாவும் அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று நான் கும்பிடுகிற சாமியிடமும் அப்பா கும்பிடுகிற சாமியிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன், யாருக்கும் குறை வைக்கவில்லை. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை நீ பாதியில் நிறுத்திவிடுவாய் என்று எனக்குத் தெரியும், அதோடு என் போனை உன் அப்பா எடுத்துப் பார்ப்பார். எதிர் வீட்டு ரஹீமா பீவியின் மகள் நஜீஹா அங்கே படிக்க வருகிறாள், அவளிடம் இதையும் இரண்டு டப்பா பருப்புப் பொடியையும் கொடுத்து அனுப்புகிறேன். பொடியைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படி.

ராதிகாவுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது, இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறாள் என்று அவளே சொன்னாள், காபி குடித்தால் மாத்திரை உடம்பில் ஒட்டாது, இடைவெளி விடச் சொல். குளிரில் அவளை நடக்க விடாதே, வழுக்கும். உன் ஊரில் தொப்பி போட்டவர்கள் நிஜமாகவே மாடு மேய்க்கிறார்களாமே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சிரிப்பு வருகிறது. உன் அப்பா இருபத்திரண்டு வருடம் தலையில் அந்தத் தொப்பியோடு குதிரையைப் பற்றிப் பாடினார், ஒரு குதிரையையும் பக்கத்தில் போய்ப் பார்த்தவர் இல்லை. பார்த்ததெல்லாம் ஒட்டகம், அதற்கு அவரிடம் பாட்டு இல்லை. தோஹா தொழில்பேட்டை கேம்ப்பில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தபோது ரூமில் இருந்த பிலிப்பினோக்காரர் கிடாரோடு சேர்த்துக் கன்ட்ரி ராக் என்கிற அமெரிக்க மாட்டுக்காரர் பாட்டையும் சொல்லிக் கொடுத்தார், அப்பாவுக்கு அப்போது இங்கிலீஷில் பாதி புரியாது. பெண்டாட்டி விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்கிற பாட்டை எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் அத்தனை சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே பாடிக் காட்டியவர். அப்புறம் மஸ்கட் ஹோட்டல், வியாழக்கிழமை தோறும் எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர்கள், நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் தோல் பூட்ஸ். உடையப்பன் மகன் பாலகுரு அங்கே பாபி குரு ஆனார்.

அவர் பாஸ்டர் ஆன கதையை நீ ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை, எழுந்து போய்விடுவாய். தமிழ்ச் சபையில் கீபோர்டு வாசிப்பவர் லீவில் போனதால் ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டார்கள். பாடி முடித்தார், ஒருத்தரும் கை தட்டவில்லை, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள், சிலர் அழுதார்கள். ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்து வீட்டுக்கு வந்தவர் சாயங்காலம் சொன்னார், "இத்தனை வருசமும் என் பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டே கேட்டாங்க சுசீலா, இவங்க கண்ணை மூடிக் கேட்டாங்க." அவ்வளவுதான், ஹோட்டலுக்குக் கலாஸ், முடிந்தது என்று சொல்லிவிட்டார். எந்த வேலைக்கு வளைகுடாவுக்கு வந்தாரோ அதே ஏ.சி. வேலைக்குத் திரும்பினார், தபாலில் வேதாகமப் படிப்பு படித்தார், இப்போது வெள்ளிக்கிழமை ஊழியம். அவர் பாதையில் நான் போகவில்லை, என்னை அவர் கூப்பிடவும் இல்லை. காலையில் சர்ச் வளாகத்தில் டீ ஊற்றிக் கொடுக்கிறேன், மாலையில் கோவிலுக்குப் போகிறேன், அவர்தான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்.

ஆனால் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். முக்கால் மணி பிரசங்கம் செய்துவிட்டு, சின்ன பிரேக், யாரும் போய்விடாதீர்கள் என்று மேடையை விட்டு இறங்குவார். முதல் மாதம் பாதி ஜனம் அந்தப் பிரேக்கிலேயே பஸ் ஏறிவிட்டது. சுவிசேஷம் எழுதிய நாலு பேரையும் பேண்டு ஆட்களைப் போல அறிமுகப்படுத்துகிறார், மாற்குவுக்கு டிரம்ஸ் கொடுத்தார். இதெல்லாம்கூடப் போகட்டும், சீட்டுதான் பெரிய வம்பு. ஹோட்டலில் சாப்பிட வந்தவர்கள் என்ன பாட்டு வேண்டும் என்று பேப்பர் நாப்கினில் எழுதி அனுப்புவார்கள், அவர் அதை மைக்கில் வாசித்துவிட்டுப் பாடுவார். சபையில் ஜனங்கள் தங்கள் கஷ்டத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவது வழக்கம், பாஸ்டர் அதைத் தனியாக வைத்து ஜெபம் செய்ய வேண்டும். இவர் மைக்கில் வாசித்தார். எங்கள் போர்மேன் மனம் மாற வேண்டும், இல்லாவிட்டால் சைட் மாற வேண்டும் என்று ஒரு பையன் எழுதியிருந்தான், போர்மேன் இரண்டாம் வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். சபைக் கமிட்டி கூடிப் பெயரை வாசிக்கக் கூடாது என்றது. அடுத்த வாரம் பெயரை விட்டுவிட்டு, கடைசி வரிசையில் நீலச் சட்டை போட்ட சகோதரருக்காக என்றார். சீட்டையே தொடக் கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது, நாலு மாதம் ஒழுங்காக இருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ எனக்கு அனுப்பின அழைப்புக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். பிரசவத்துக்கு வர விசாவுக்காக என் பெயர், என் பாஸ்போர்ட் எண், என் பிறந்த தேதி. அவர் பெயர் இல்லை. போனிலிருந்து அழித்து, பிரிண்டை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு, கடிதம் இன்னும் வரவில்லை என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதற்குள் ரூவி கடைகளில் ஏறி இறங்கிக் குளிர்க்கோட்டு வாங்கிவிட்டார், ஏ.சி.யைப் பதினாறில் வைத்து ஹாலில் போட்டுப் பார்க்கிறார். எனக்கு யாரிடமும் சொல்ல முடியவில்லை. பெண்கள் ஜெபக்குழுவுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது, அதைக் குழுவை நடத்துகிற சங்கீதா மட்டும்தான் திறப்பாள். அதில் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். கையெழுத்துத் தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினேன், உன் அம்மாவின் புத்தி அப்படி. சங்கீதா ஊருக்குப் போயிருந்தது எனக்குத் தெரியாது, அந்தப் பெட்டியும் அப்பாவிடம் போயிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை எங்களுக்கு அடுத்து அந்த ஹாலுக்கு வர வேண்டிய பிலிப்பினோ சபையின் பஸ் வரவில்லை, பத்து நிமிடம் மிச்சம். பாட்டுக்காரரிடம் பத்து நிமிடமும் மைக்கும் கிடைத்தால் என்ன ஆகும்? கமிட்டியை மறந்துவிட்டுச் சீட்டை எடுத்தார்.

ஹோட்டல் குரலிலேயே என் சீட்டை வாசிக்க ஆரம்பித்தார். கால்கரியில் இருக்கிற மகன் என்னை மட்டும் பிரசவத்துக்குக் கூப்பிட்டிருக்கிறான், என் கணவர் பெயரை எழுதவில்லை, அவருக்கு எப்படிச் சொல்வேன். கடைசி வரை வாசித்துவிட்டார் விமல், வாய்ப் பழக்கம் நிற்கவில்லை. டீக் கெட்டிலோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். அந்தச் சபையில் கால்கரியில் மகன் இருக்கிறவள் நான் ஒருத்திதான், இருநூறு பேருக்கும் தெரியும். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "இது எனக்குத் தெரியாத பாட்டு, படிச்சுக்கிட்டு வரேன்" என்று சொல்லி மைக்கை டிரம்ஸ் பையனிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். ஜனம் உட்கார்ந்திருந்த நாற்காலிகளையும் சேர்த்து.

உன் ரிசப்ஷனில் அவர் செய்தது தப்புதான், அதை நான் மூடி மறைக்க மாட்டேன். ஒரு பாட்டு பாடுங்கள் என்று நீ கேட்டாய், அவர் நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்தார், நடுவில் பிரேக் விட்டுத் திரும்பியும் வந்தார், சம்பந்தி வீட்டார் பந்திக்கு எழுந்து போய்விட்டார்கள். மைக் கையில் இருந்தால் பக்கத்தில் நிற்பது யார் என்றே உங்களுக்குத் தெரியாது என்று நீ சொன்னாய். அது நிஜம். இரண்டு வருடமாக நீ அவரிடம் பேசாததும் உன் நியாயம். ஆனால் இந்த வாரம் இந்த வீட்டில் நடப்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஏ.சி. சர்வீஸ் பாரத்தின் பின்பக்கத்தில் ஏதோ எழுதி எழுதிக் கிழிக்கிறார், குப்பைக் கூடையில் பார்த்தேன், ஏழு காகிதம். ஏழிலும், "விமல், அப்பா பேசுறேன்", அவ்வளவுதான் இருக்கிறது. நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாத மனுஷனுக்கு அதற்கு மேல் ஒரு வரி வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என்னைத் திட்டுவார், உன்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார், "அவன் மறந்திருப்பானோ?" முப்பத்திரண்டு வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. மறந்துதான் இருப்பான், ஆபீஸ் அவசரத்தில் அனுப்பியிருப்பான் என்று சொல்லிவிட்டேன். உடனே சாப்பிட உட்கார்ந்தார், இரண்டு தோசை சாப்பிட்டார்.

ராதிகாவுக்கு என் ஆசீர்வாதம், உனக்கும். இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், நூறு வயது இருக்கட்டும். அப்பாவின் பாஸ்போர்ட் நகலை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். நான் அவரிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன் விமல், அதை நிஜமாக்க உன்னால் மட்டும்தான் முடியும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுசீலா பாலகுரு
ரூவி, மஸ்கட்