என் கைக்கு ஒரு சுத்தியல்

என் பிரியமான அண்ணே,

நீ பாதியில் விட்ட மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூரைத் தகரம் வெயிலில் லேசாக முனகுகிறது. இங்கே இருந்தால், நீ டீ குடிக்கத்தான் கீழே போயிருக்கிறாய் என்று தோன்றுகிறது. சில மத்தியானங்களில் அதை நம்பிக்கொண்டே தூங்கிவிடுகிறேன்.

செங்கல் சுவர் இடுப்பளவு நிற்கிறது. அதற்கு மேல் அடிக்க நீ வாங்கிய பலகைகள் அப்படியே கிடந்தன. மதினி தையல் சொல்லிக்கொடுக்கத்தானே இந்த அறை? உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் வேலைக்கு ஒத்துக்கொண்ட ஆட்கள் "நாளைக்கு வாரோம்" என்றே மூன்று மாதம் ஓட்டினார்கள்.

"அறையும் இல்ல, அவுகளும் இல்ல. நான் இங்கன என்னத்தப் பண்ண? ஞாயித்துக்கிழம எங்கண்ணே வண்டி எடுத்துட்டு வாராக, கல்லுப்பட்டிக்கே போறேன்," என்றார் மதினி. முதலில் நீ, பிறகு மதினியுமா? சமயநல்லூரில் நான் மட்டும் எப்படி இருப்பது?

அதனால் உன் சுத்தியலை எடுத்தேன். கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கிய கை. அடித்தால் உன் சுத்தியலால்தான் அடிப்பேன் என்று மனதுக்குள் ஒரு பிடிவாதம். கைப்பிடி வழுக்கியது. வேலையாட்கள் செய்வதைப்போல் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். பிடி இன்னும் தடித்துப்போய் விரல்கள் வளையவே இல்லை. சுத்தியலின் தலை கையைக் கீழே இழுத்தது. ஆணிகள் வளைந்தன, மணிக்கட்டு வீங்கியது.

மதினி எண்ணெய் தேய்த்துவிட்டார். "அவுக கை என்ன, ஒன் கை என்ன? பாசம் வச்சா ஆணி எறங்கிருமா, செல்வி?"

மறுநாள் சிம்மக்கல்லில் ஒரு இரும்புக்கடையில் போய்ச் சுத்தியல் கேட்டேன். "வீட்டுக்காரருக்கா?" என்றார் கடைக்கார பாய்.

"எனக்குத்தான்."

"அப்ப சும்மா பாத்தா பத்தாதும்மா. வீசிப் பாருங்க. என் தலைய மட்டும் விட்டுருங்க."

ஒன்று தலை கனத்து, வீசினால் கைக்கு முன்னால் ஓடியது. ஒன்று லேசு, ஒரே ஆணிக்குப் பத்து அடி கேட்கும். ரப்பர் உறை போட்டது பார்க்க அழகு, உள்ளங்கையில் புரண்டது. அடுத்ததை எடுத்தபோது டவுன் பஸ் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் தள்ளிப்போயிற்று. பெருவிரல் நடுவிரலின் நுனியைத் தொட்டது. தூக்கினால் கூடவே வந்தது. இறக்கினால் இழுக்காமல் இறங்கியது. உனக்கும் முதல் நாள் இப்படித்தான் இருந்ததா அண்ணே? உன் மணிக்கட்டு வலித்ததுண்டா? நீ சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"சிரிக்கிறீங்களே, அப்ப அதான்," என்றார் பாய்.

சனிக்கிழமை முழுக்க அடித்தேன். கோணல்தான், நீ பார்த்தால் பிடுங்கச் சொல்வாய். நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த மதினி, "ஒரு பலகைக்கு இம்புட்டு நேரமா? குடு இங்க," என்று வாங்கினார். முதல் அடி மரத்தில். இரண்டாவது ஆணியில். மூன்றாவதில் ஆணி முழுதாக இறங்கிவிட்டது. "ஏ, இது தானா அடிக்குதுடி!"

பிறகு அந்த வரிசை முடியும்வரை அடித்தார். முகம் நனைந்திருந்தது. வியர்வைதானா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

கீழே போய்ப் போன் போட்டார். மாடிவரை கேட்டது: "நாளைக்கு வர வேணாம்ணே. இங்க வேல கெடக்கு."

மீதிச் சுவரை மழைக்கு முன் நாங்கள் இரண்டு பேரும் அடைத்துவிடுவோம். மதினியை நான் தனியாக விடமாட்டேன் அண்ணே.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி