மாப்ள, நீ திருப்பாத அந்தக் குமிழ்

என் தங்கச்சியைக் கட்டியதால் செத்த பிறகும் எனக்கு மாப்ளயாகவே இருக்கிற அன்பு ஜெயசீலா,

அன்பு என்று எழுதிவிட்டேன். அதற்குமேல் இனிப்பாக எதையும் எதிர்பார்க்காதே. உன் கல்லறையில் பூ வைக்கவும் மெழுகுவத்தி ஏற்றவும் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உன்னைத் திட்டத்தான் ஒருத்தரும் இல்லை. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

நாற்பது வயதுக்குமேல் நாம் இரண்டு பேரும் விமானம் ஓட்டப் படித்தபோது சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பு உனக்கு மறந்திருக்காது. அவனியாபுரத்தில் என் லேத் பட்டறைக்கு மேலே விமானம் இறங்கும்போதெல்லாம், பழங்காநத்தத்தில் உன் பம்ப்செட் கடையைப் பூட்டிவிட்டு வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாய். ஆசையைக் கிளப்பியது நீதான். சேலத்துப் பக்கம் இருந்த பயிற்சிப் பள்ளிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதும் நீதான். என்னைவிட நீ நன்றாக ஓட்டினாய். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. ஓட்டத் தெரியாதவன் செத்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

பயணத் திட்ட மென்பொருள் டேப்லட்டில் கைக்கு வந்ததும் நீ அதிலேயே விழுந்துவிட்டாய். புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் போட்டால் போதும். வரைபடத்தில் கோடு போடும், காற்று சொல்லும், எரிபொருள் சொல்லும், எந்த மலைக்கு எவ்வளவு உயரத்தில் போக வேண்டும் என்று சொல்லும். நல்ல பொருள்தான். நானும் அதில்தான் திட்டம் போட்டேன், இன்றைக்கும் போடுகிறேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று. மதுரை விமான நிலையத்தில் தரையில் நின்று ஓயாமல் ரேடியோ அலை அனுப்புகிற பீக்கன் இருக்கிறதே, பிடித்து வைத்தால் அதன் திசையை ஊசியும் தூரத்தை எண்ணும் விமானத்துக்குள் காட்டுமே, அதையும் கூடவே போட்டு வை என்றேன்.

“மாப்ள, மதுரை பீக்கனையும் பிடிச்சு வையி. அது பாட்டுக்கு ஓரமாக் கெடக்கும்.”

“எதுக்கு மச்சான்? மடியில முழு மேப்பும் ஓடுது. நீங்க இன்னும் ஊசியப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. ஒங்களுக்கு ரேடியோப்பொட்டி மச்சான்னு பேரு வச்சிரவா?”

வைத்தாய். பள்ளியில் தேநீர் கொடுப்பவர் வரைக்கும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு பேர் வைத்துவிட்டுப் போனாய், அதைத் திரும்பவும் வாங்கிக்கொள்ள நீ இல்லை.

பள்ளியின் ஒற்றை எஞ்சின் விமானத்தை எடுத்துக்கொண்டு நீ தனியாக மதுரைக்குப் புறப்பட்ட அன்று, திண்டுக்கல் தாண்டியதும் மேகம் கூடிவிட்டது. அதுவரை அடித்த வெயிலில் சூடேறியிருந்த உன் டேப்லட் அணைந்தது. அதை நீயே மதுரைக்கு ரேடியோவில் சொன்னாய். ஒன்றும் தெரியவில்லை, கீழே இறங்கிப் பார்க்கிறேன் என்றும் சொன்னாய். சிறுமலையைத் தாண்டிச் சமவெளிக்கு வந்துவிட்டதாக நினைத்திருக்கிறாய். தாண்டவில்லை. மரங்களுக்கு நடுவே உன்னைத் தேடி எடுத்தபோது, பீக்கனைப் பிடிக்கிற கருவி சேலத்து அலைவரிசையிலேயே இருந்தது என்று விசாரணைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். புறப்பட்ட இடத்தில் யாரோ வைத்த எண். அதை மாற்றுகிற குமிழை நீ தொடவே இல்லை.

உன் நினைவுத் திருப்பலி முடிந்ததும், நம்மோடு பறந்த நண்பர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். “யாரால என்ன செய்ய முடியும்? விதி. அவரு வீரனா வாழ்ந்து வீரனாப் போயிட்டாரு” என்றார். என்னால் உட்கார முடியவில்லை.

“என்னய்யா விதி? ஒரு குமிழைத் திருப்பியிருந்தா இந்நேரம் வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருப்பான்” என்று கோவிலுக்குள்ளேயே கத்தினேன். தங்கச்சி அமலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உன் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதோடு என்னோடு பேச்சை நிறுத்தினாள். வீட்டுக்குப் போனால் கதவுக்குப் பின்னாலிருந்து, “எம் புருசனத் திட்டுறவுகளுக்கு இங்க என்ன வேலை?” என்று குரல் மட்டும் வரும். செத்தும் எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாய். நியாயமா மாப்ள?

கோடை விடுமுறையில் ஒருநாள் காலையில் அவளே பட்டறைக்கு வந்தாள். லேத் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள்.

“அண்ணே, என்னைய ஒரு தடவ ஏத்திட்டுப் போ. அவரு வந்த வழியில.”

“வேணாம்மா. அங்க பாக்க என்ன இருக்கு?”

“ஆளாளுக்கு ஒன்னு சொல்றீங்க. நான் எங்கண்ணால பாக்கணும்.”

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். பார்க்காமல் நம்ப மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். பேருந்து ஏறிச் சேலம் போனோம். வானம் தெளிவாக இருக்கிற நாளாகப் பார்த்து, மென்பொருளில் திட்டம் போட்டு, மலைக்கு மேலே நிறைய இடைவெளி விட்டுப் பறந்தேன். டேப்லட் அவள் மடியில் இருந்தது. சிறுமலை எதிரே கரும்பச்சையாக எழுந்து வந்தபோது நானே சொன்னேன், “இந்த எடத்துலதான்மா அவன் கடைசியாப் பேசுனான். இதே ஒயரத்துல.”

அவள் டேப்லட்டை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

“இப்ப சொல்லு. அவருகிட்ட வேற என்ன இருந்துச்சு?”

குமிழைக் காட்டினேன். வேண்டுமென்றே சேலத்து எண்ணிலேயே விட்டு வைத்திருந்தேன். காதில் வெறும் இரைச்சல். ஊசி செத்துக் கிடந்தது. நான் எண்ணைச் சொல்ல, அவளே திருப்பினாள். இரைச்சல் விலகி, மதுரையின் அடையாள ஒலி விட்டு விட்டுக் கேட்டது. ஊசி சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. மதுரை எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, மலை இன்னும் நமக்கு முன்னால்தான் நிற்கிறது என்பதை அதை வைத்து வரைபடத் தாளில் காட்டினேன்.

அவள் கையை எடுக்காமல் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்புட்டுத்தானா?” என்றாள்.

நான் வரைபடத் தாளை மடித்து வைத்தேன்.

“அம்புட்டுத்தானா அண்ணே? இதுக்கா அவருக்குக் கை வலிச்சுச்சு?”

அந்த முகத்தைப் பார்த்ததும், இத்தனை மாதம் உன்னைத் திட்டித் தீர்த்த எனக்கு என்னவோ ஆகிவிட்டது. “மலைக்குப் பின்னாடி தாழ வந்துட்டா சிக்னல் வராதும்மா. திருப்பியிருந்தாலும் அவனுக்குக் கெடச்சிருக்காது” என்றேன்.

“தாழ வந்த பெறகுதான வராது? அவரு பேசுனது இந்த ஒயரத்துலன்னு நீதான சொன்ன? இந்த ஒயரத்துல வருதே.”

“பயந்திருப்பான்மா.”

“பயந்தவருக்குத்தான அண்ணே இது?”

பிறகு அவள் கத்தினாள். ஹெட்செட்டில் என் காது அடைத்துப் போகிற மாதிரி, அந்த மலையைப் பார்த்து, “அடப்பாவி மனுசா! என்னைய விட்டுட்டுப் போறதுக்கு ஒனக்கு இம்புட்டுச் சின்னக் காரணமா?” என்று கத்தினாள். நீ செத்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் ஊசியைப் பார்த்தே ஓட்டினேன். வைகை தெரிந்தது, வண்டியூர்த் தெப்பக்குளம் தெரிந்தது. ஓடுதளம் நேரே வந்து நின்றது. இறங்கினோம்.

அன்றிலிருந்து உனக்காகப் பேச வீட்டில் ஆள் இல்லை, ஜெயசீலா. நான் திட்டினால் அவள் தடுப்பாள் என்றிருந்தவரை எனக்கும் திட்டச் சௌகரியமாக இருந்தது. இப்போது அவள் திட்டுகிறாள். நான் “விடும்மா, விடும்மா” என்கிறேன். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேருகிறவர்களிடம் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பேரைச் சொல்லாமல் ஒரு நண்பன் என்று சொல்லிவிடலாமா என்று அமலாவிடம் கேட்டேன். “பேரோட சொல்லுண்ணே. பேரு இல்லாமச் சொன்னா யாரோ ஒருத்தன் கதைன்னு தட்டி விட்டுட்டுப் போயிருவாங்க. அவரு சோம்பேறி இல்ல, முட்டாளும் இல்ல, அதையும் சொல்லு” என்றாள்.

சொல்லப் போகிறேன். நன்றாக ஓட்டுவான், நன்றாகத் திட்டம் போடுவான், ஒரு குமிழைத் திருப்ப மாட்டேன் என்று சிரித்தான், செத்தான் என்று சொல்லப் போகிறேன். புதிதாக வருகிற ஒவ்வொரு கூட்டத்திலும், என் வாய் ஓய்கிற வரைக்கும், உன் முழுப் பேரோடு சொல்லுவேன். இது சத்தியம்.

கோபம் வருகிறதா? வரட்டும். எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்துக் கேள் மாப்ள. பட்டறை திறந்துதான் இருக்கும்.

உன்னை மன்னிக்காத, உன்னைத் தவிர வேறு மாப்ள இல்லாத
உன் மச்சான்,
அந்தோணி