ஜோடி ஏற்பாடு

லண்டன்
16 ஜனவரி 2019

அன்புள்ள நெரிஸ்,

உறுதியான செய்தி முதலில். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் ஒப்பந்தம் நேற்று மாலை தோற்றது. ஆதரவு 202, எதிர்ப்பு 432. வாக்குகளை எண்ணியவர்கள் அவையில் வாசித்ததை நாடாளுமன்ற நூலகத்துத் தொலைக்காட்சியில் நானே கேட்டேன். விலகும் நாள் மார்ச் 29 என்பது மாறவில்லை. எப்படி விலகுவது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

நீ வந்திருந்தால் எதிர்ப்பில் ஒன்று கூடியிருக்கும். நான் போயிருந்தால் ஆதரவில் ஒன்று கூடியிருக்கும். நாம் இருவரும் ஒதுங்கியதில் வித்தியாசம் அப்படியே இருக்கிறது. ஜோடி ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்தது.

வாக்கெடுப்பு மணி அடித்தபோது தேநீர் அறையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கட்சியில் புதிதாக வந்திருக்கும் இளைஞர் ஒருவர் ஓடும்போது என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சார், மணி அடிச்சாச்சு!"

"கேட்டுச்சுப்பா. எனக்கு ஜோடி இருக்கு."

"இன்னிக்குமா?"

எதிர்க்கட்சியில் ஒருவரால் வர முடியாவிட்டால் நானும் வாக்களிக்கமாட்டேன், அவரும் எனக்கு அப்படியே செய்வார் என்று சொன்னேன். எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். பாவம் என்பதுபோல் பார்த்துவிட்டு ஓடினார்.

வெளியே புல்வெளியில் இன்னும் இரண்டு கூட்டமும் கத்திக்கொண்டிருக்கிறது. ஒன்றியத்திலேயே இருப்போம் என்னும் நீல நட்சத்திரக் கொடிக்காரர்களுக்குக் குரல் கம்மிவிட்டது. வெளியேறு என்பவர்கள் ஒரு கைமணி கொண்டுவந்திருக்கிறார்கள்.

உன் வீட்டுக்காரர் எமிருக்கு எப்படி இருக்கிறது? சனிக்கிழமை உடம்புக்கு முடியாமல் போனது என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. முடிந்தபோது எழுது.

உன்
கிளிஃபர்ட்


பென்லாஸ்
21 ஜனவரி

அன்புள்ள கிளிஃபர்ட்,

தொலைபேசி மணி கேட்டாலே எமிர் முகத்தைச் சுளிக்கிறார். அதனால் கொஞ்ச நாளைக்குக் கடிதம்தான். பழைய நிருபரான உனக்கு அது கஷ்டமாக இருக்காது.

உனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவு. மைதானத்தில் ரக்பி ஆட்டத்தின் இடைவேளை முடிந்து, மாற்று ஆட்டக்காரர் பெயரை அறிவித்துக்கொண்டிருந்தார். பாதிப் பெயரில் குரல் நின்றுவிட்டது. மைக் போய்விட்டதென்று கூட்டம் முழுக்கக் கைதட்டிக் கிண்டல் செய்தது. யாரோ ஒலிபெருக்கியை ஓர் உதைகூட விட்டார்களாம். அவர் தானாகவே படியிறங்கி வந்து காரில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் வலது கையும் வாயும் கோணியிருப்பதைப் பார்த்தேன்.

பக்கவாதம். கை திரும்பிக்கொண்டிருக்கிறது. நடக்கிறார். பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது, பதில் மட்டும் வெளியே வரவில்லை. முப்பது வருடம் அந்த மைதானத்தில் இவர் குரல்தான். ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்கிறார், அதாவது வாசல் கதவைக் காட்டித் தலையாட்டுகிறார். கோடைக்குள் பேசிவிடலாம் என்று நினைக்கிறார். மருத்துவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

கட்சியில் குடும்ப விஷயம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீயும் யாரிடமும் சொல்லாதே.

செவ்வாய்க்கிழமைக்கு நன்றி. உன் கட்சி ஜெயித்திருந்தால் இவ்வளவு இதமாக எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை.

கிளப்பில் மைக்கைக் குறைசொல்லிப் புது ஒலிபெருக்கி வாங்கிவிட்டார்கள். அறிவிக்கத்தான் ஆள் இல்லை. எமிருக்கு ஜலதோஷம் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்
நெரிஸ்


ஸ்கார்ன்பி
4 பிப்ரவரி

அன்புள்ள நெரிஸ்,

எமிர் நடக்கிறார் என்பதில் மிகவும் மகிழ்ச்சி. சொல்ல மாட்டேன்.

இங்கே நிலவரம் கொஞ்சம் மோசம். வாக்கெடுப்புப் பட்டியலை ஊர்ப் பத்திரிகை அப்படியே போட்டது. ஆதரித்தவர் பத்தியிலும் நான் இல்லை, எதிர்த்தவர் பத்தியிலும் இல்லை. ஜோடி என்று ஒரு பத்தி அச்சடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். "எங்கே போனார் டிரான்டர்?" என்று என்னைப் பற்றித் தலைப்பு. என் பழைய பத்திரிகை. தலைப்பு நன்றாகத்தான் இருக்கிறது, நானும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

ஆதரித்து வாக்களித்திருந்தால், இது போலி வெளியேற்றம் என்று ஊரில் பாதிப்பேர் திட்டியிருப்பார்கள். எதிர்த்திருந்தால் மீதிப்பேர் திட்டியிருப்பார்கள். போகாமல் இருந்ததால் எல்லாரும் திட்டுகிறார்கள். மூன்று வருடமாக ஊரை ஒன்று சேர்க்கப் பார்த்தேன், இப்போதுதான் முடிந்திருக்கிறது.

சனிக்கிழமை நூலகத்தின் பின்னறையில் வழக்கமான மக்கள் சந்திப்பு. முதல் ஆளாக வந்தவர் பெரில் ஸ்டப்ஸ். துறைமுகத் தெருவில் மீன் வறுவல் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். ஐந்து தேர்தலிலும் எனக்காக வீடு வீடாகப் போனவர். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"உடம்புக்கு ஏதாவதாய்யா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப எங்க இருந்த?"

"கட்டடத்துலதான் இருந்தேன். எதிர்க்கட்சியில ஒருத்தருக்கு வர முடியல. அவங்களுக்கு வாக்குக் குடுத்திருந்தேன், அதனால நானும் போடல."

"ஏன் வர முடியல?"

"அது அவங்க சொந்த விஷயம். நான் சொல்லக் கூடாது."

நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

"ஓட்டு உன்னுதுன்னா நினைச்சே? அது எங்களோடது. உன்கிட்ட குடுத்து அனுப்பினோம். நீ உன் சிநேகிதருக்கு மரியாதை செய்ய அதை எடுத்துக் குடுத்திருக்கே."

"ரெண்டு ஓட்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சுடும்மா. முடிவு மாறவே மாறாது."

"முடிவைப் பத்தி நான் கேக்கல. என் பேரன் கேட்டான், நம்ம ஆளு எந்தப் பக்கம் பாட்டின்னு. தெரியலடான்னேன். கேவலமா இல்ல?"

நாற்பது வருடமாக மற்றவர்களைக் கேள்வி கேட்டவன் நான். பெரில் எழுந்து, மீன் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொன்று. அடுத்த தேர்தலில் நானே வேட்பாளராக இருக்கலாமா என்று உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்போவதாகக் கட்சிக் கிளைத் தலைவர் ஹாரப் எழுதியிருக்கிறார். தபால் வாக்கு. மார்ச் 15, வெள்ளிக்கிழமை மாலை எண்ணுகிறார்கள். தோற்றால் இந்த நாடாளுமன்றத்தோடு எனக்கு முடிந்தது. ஹாரப் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்.

எமிருக்கு என் அன்பைச் சொல்.

உன்
கிளிஃபர்ட்


பென்லாஸ்
9 பிப்ரவரி

கிளிஃபர்ட்,

உன் கடிதத்தில் பெரிய செய்தியைக் கடைசிப் பத்தியில் வைத்திருக்கிறாய். நிருபருக்கு இது அழகா?

ஹாரப்பிடம் சொல்லிவிடு. எமிரின் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். ஜோடி வீட்டில் பெரிய நோய் என்று மட்டும் சொல்.

பெரில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் ஊரும் மக்கள் வாக்கெடுப்பில் வெளியேறத்தான் சொன்னது, தெரியும் இல்லையா? நான் எதிர்த்து நிற்கிறேன். என்னை நேரில் வைத்துக் கிழிக்கிறார்கள், ஆனால் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டதில்லை.

நெரிஸ்


லண்டன்
27 பிப்ரவரி

அன்புள்ள நெரிஸ்,

புதிய செய்தி: மார்ச் 12, செவ்வாய்க்கிழமைக்குள் ஒப்பந்தம் மறுபடி வாக்கெடுப்புக்கு வருகிறது. நேற்று அரசு அவையிலேயே சொன்னது. அன்றும் தோற்றால் ஒப்பந்தமே இல்லாமல் விலகலாமா என்று ஒரு வாக்கெடுப்பு, தள்ளிப்போடலாமா என்று இன்னொன்று, அடுத்தடுத்த நாளில்.

பன்னிரண்டாம் தேதி எமிருக்குக் கார்டிஃபில் பேச்சுப் பரிசோதனை என்று போன வாரக் குறிப்பில் நீ எழுதியிருந்தாய். நீ கூடப் போக வேண்டும். ஆகவே அன்றும் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஹாரப்பிடம் ஜோடி வீட்டில் நோய் என்று சொல்லிப் பார்த்தேன். "யார் வீட்டுலங்க?" என்றார். சொல்ல முடியாது என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, கிளிஃப்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெயரில்லாத மூலத்தை வைத்து எந்த ஆசிரியரும் செய்தி போடமாட்டார்.

பெரில் இன்னும் என்னோடு பேசுவதில்லை. கடையில் வரிசையில் நின்றேன். மீனைக் கட்டிக் கொடுத்தார், வினிகர் வேண்டுமா என்று மட்டும் கேட்கவில்லை. பதினெட்டு வருடத்தில் அதைக் கேட்காமல் விட்டதே இல்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2006-இல் என் அம்மா இழுத்துக்கொண்டு கிடந்த ஐந்து வாரமும் நீ வாக்களிக்காமல் இருந்தாய். உன் கொறடா உன்னைக் கூப்பிட்டுக் கத்தினார் என்று பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள். நீ சொல்லவில்லை. எனக்கு இதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

உன்
கிளிஃபர்ட்


பென்லாஸ்
8 மார்ச்

அன்புள்ள கிளிஃபர்ட்,

உறுதியான செய்தி முதலில், நீ எழுதுவதுபோலவே. செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் நான் லண்டன் வருகிறேன். மாலை வாக்கெடுப்பில் உன் ஒப்பந்தத்துக்கு எதிராக வாக்களிக்கிறேன். மூலம்: நானே. கொறடா அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன், மாற்ற முடியாது.

ஆகவே உனக்கு அன்றைக்கு ஜோடி இல்லை. நீ தேநீர் அறையில் உட்கார்ந்திருந்தால், அது வெறும் சோம்பேறித்தனம்தான்.

கோபப்படாமல் படி. உன் கடிதங்களை எமிருக்கு வாசித்துக் காட்டினேன். பெரில் பேசியதை இரண்டாவது முறை வாசிக்கச் சொல்லி விரலைக் காட்டினார். வினிகர் இடத்தில் சிரித்தார். சத்தம் வந்தது, கிளிஃபர்ட், ஜனவரிக்குப் பிறகு முதல் சத்தம். அப்புறம் கடைசிப் பத்தியை வாசித்தேன். எழுந்து மாடிக்குப் போனார். என் பழுப்புப் பயணப் பையை இடது கையால் இழுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் வைத்தார்.

"பரிசோதனைக்கு யாரு கூட வருவா?" என்றேன்.

சுவரில் இருந்த தன் தங்கை மைரின் படத்தைக் காட்டினார்.

"மைருக்கு நீ பாதி நேரம் என்ன சொல்றேன்னே புரியாதே, நல்லா இருந்தப்பவே!"

மறுபடி சிரித்தார். பை அங்கேயே இருக்கிறது. எடுத்து உள்ளே வைத்தேன், திரும்ப வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அவரை விட்டு வர எனக்கு மனமில்லை. மருத்துவர் சொல்வதை நானே கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் உன்னை ஹாரப்பிடமிருந்து காப்பாற்ற எமிரின் பெயரைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் வந்து எதிர்த்து வாக்களித்து, உன்னையும் வாக்களிக்க வைக்க வேண்டும். இரண்டாவதற்கு யாருடைய ரகசியமும் தேவையில்லை.

2006 பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்கு என் ஊரில் எந்தப் பெரிலும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் இப்படித்தான் முழித்திருப்பேன். அதற்காக நாம் ஜோடியை விடப்போவதில்லை. இந்த ஒரு செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் விடுகிறோம்.

மணி அடித்ததும் சபாநாயகர் நாற்காலிக்கு எதிரே நிற்பேன். நீ ஆதரவு வாசலில் நுழைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் எதிர்ப்பு வாசலுக்குப் போவேன். உன்னை நம்பாமல் இல்லை. வராமல் இருந்துவிடுவாயோ என்று பயம். பதினேழு வருடத்தில் உன்னைப் பற்றி எனக்கு வந்த முதல் சந்தேகம் இது.

முடிந்ததும் தேநீர் அறையில் வெண்ணெய் தடவிய ரொட்டி. உன் கணக்கில். வெளியேறுவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று உனக்கு மறுபடி ஒரு முறை விளக்குகிறேன்.

ஒப்பந்தத்தின் கதி செவ்வாய் மாலை ஏழரைக்குத் தெரிந்துவிடும். உன் கதியை வெள்ளி மாலை ஸ்கார்ன்பியில் எண்ணுவார்கள். என்ன ஆனாலும் அன்றிரவே எழுது. எமிரின் குரல் வருமா என்பதற்கு மருத்துவர் ஈஸ்டர் வரை பொறுக்கச் சொல்கிறார். கிளப்பில் புது ஒலிபெருக்கி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

அன்புடன்
நெரிஸ்